மருத்துவப் பட்டம் இல்லாமல் தொற்றுநோயியலுக்கு வரலாமா?

சுங்கை சிப்புட் (மலேசியா) தங்கைக்கு,

உயிர்மருத்துவப் பட்டம் முடித்த உங்களுக்கு, நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்று ஆராயும் தொற்றுநோயியலைப் படிக்க ஆசை, அப்பாவோ, "டாக்டர் ஆகாதவளுக்கு அங்கே என்ன வேலை? ஆய்வக வேலையைப் பிடித்துக்கொள்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அப்பா சொல்வதில் பாதி சரி. பொதுச் சுகாதார மருத்துவ நிபுணராக மருத்துவப் பட்டம் கட்டாயம். ஆனால் நோய்க் கண்காணிப்பிலும் தரவுப் பகுப்பாய்விலும் ஆராய்ச்சியிலும் மற்றவர்களுக்கும் இடமுண்டு.

அவரிடம் உங்கள் வட்டாரத்துக் கதையையே சொல்லுங்கள். 1998இல் ஈப்போ பக்கம் மூளைக்காய்ச்சல் பரவியபோது, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் அடங்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே படுத்தவர்களோ பன்றிப் பண்ணைகளில் உழைத்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் தப்பவில்லை. யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்ற இந்தக் கணக்குதான் சந்தேகத்தைக் கொசுவிடமிருந்து பன்றியின் பக்கம் திருப்பியது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் இந்த நோய்க்குக் காரணமான நிப்பா கிருமியைக் கண்டுபிடித்தார். நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர்கள் நமக்கு இன்னும் நிறைய வேண்டும், தங்கை.

பொதுச் சுகாதார முதுகலைக்கு மருத்துவர் அல்லாதவர்களைச் சேர்க்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. உயிர்ப்புள்ளியியலை, அதாவது நோய், உடல்நலத் தரவுகளுக்கான புள்ளியியலை, ஆழமாகக் கற்பிக்கும் இடமாகப் பாருங்கள். தரவுப் பகுப்பாய்வுக்கான ஆர் (R) மென்பொருள் இலவசம், இப்போதே பழகுங்கள். ஆய்வக வேலை கிடைத்தால் தட்டிக்கழிக்க வேண்டாம். பரிசோதனை முடிவு எங்கே பிழைக்கும் என்று அறிந்தவர் தரவை எளிதில் நம்பிவிட மாட்டார்.