சிறிய கூடத்துக்கு எந்த டிவி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் கூடம் பத்துக்குப் பத்து அடிதான். 32 அங்குலம் போதும் என்று நினைக்கிறேன். கடைக்காரர் 43 அங்குலம் வாங்கச் சொல்கிறார். எது சரி? (பெரம்பூர் வாசகி)

பதில்: அறையின் அளவை விட்டுவிட்டு, நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து திரை வரப்போகும் சுவர் வரை அளந்து பாருங்கள். சோபாவின் ஆழம் போக, பத்தடிக் கூடத்தில் அது பெரும்பாலும் ஆறு அல்லது ஏழு அடியாகத்தான் இருக்கும். அந்தத் தூரத்தில் 43 அங்குலம் கண்ணைக் கெடுத்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. நீங்கள் எதை அதிகம் பார்க்கிறீர்கள் என்பதே இங்கே முக்கியம். கேபிளில் வரும் சாதாரணத் தரச் சேனல்களின் படத்தில் 576 வரிகள்தான் உள்ளன. அதைப் பெரிய திரையில் இழுத்துக் காட்டும்போது முகங்கள் மங்கலாகத் தெரியும். செய்தியும் தொடரும் மட்டுமே பார்க்கும் வீட்டுக்கு 32 போதும்; இணையத்தில் படங்கள் பார்ப்பவர்கள் 43 வாங்கலாம். அங்குலக் கணக்கு திரையின் மூலைக்கு மூலை அளப்பது; 32 அங்குலத் திரை ஏறக்குறைய 71 செ.மீ. அகலமும் 43 அங்குலத் திரை 95 செ.மீ. அகலமும் இருக்கும் என்பதால், கதவு திறக்கும் பக்கத்தையும் ஸ்விட்ச் போர்டு இருக்கும் இடத்தையும் விட்டுச் சுவரை அளந்துகொள்ளுங்கள். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு முன்பு 28 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் அவற்றுக்கும் 18 சதவீதம்தான். ஆகவே வரிக்காக 32-லேயே நின்றுவிட வேண்டிய காரணம் இப்போது இல்லை.

கேள்வி: 32 அங்குலத்தில் எச்.டி. ரெடி, ஃபுல் எச்.டி. இரண்டும் கிடைக்கின்றன. கூடுதல் பணம் கொடுக்கலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: ஆறடிக்கு அப்பால் உட்கார்ந்து பார்ப்பதானால் தேவையில்லை. எச்.டி. ரெடி என்பது 1366 × 768 புள்ளிகள்; ஃபுல் எச்.டி.யில் புள்ளிகள் இதைவிட அதிகம். 32 அங்குலத்தில் ஒவ்வொரு புள்ளியும் சுமார் அரை மில்லிமீட்டர் அகலம். நல்ல பார்வை உள்ளவருக்கும் ஆறடியில் அந்தப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது. ஆனால் மேசைமேல் வைத்துக் கணினித் திரையாகவும் பயன்படுத்துவீர்களானால், எழுத்துகள் பிசிறு தட்டும். அப்போது ஃபுல் எச்.டி. கட்டாயம்.

கேள்வி: வீட்டில் ஆளுக்கொரு மூலையில் இருந்து பார்க்கிறோம். பக்கத்திலிருந்து பார்த்தால் படம் வெளுத்துத் தெரிகிறது. அடுத்த டிவி வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? (மதுரை வாசகி)

பதில்: சிறிய வீட்டுக்கு டிவி வாங்குவோர் எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது என்பேன். பெரிய கூடத்தில் எல்லோரும் திரைக்கு நேரே உட்கார இடம் உண்டு. சின்ன வீட்டில் ஒருவர் கட்டிலில் சாய்ந்திருப்பார், பிள்ளைகள் தரையில் பாயில் இருப்பார்கள், இன்னொருவர் சமையலறை வாசலில் நின்றபடி பார்ப்பார். ஆகவே புள்ளிகளின் எண்ணிக்கையை விட, எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாதிருப்பதே உங்களுக்கு முக்கியம்.

எல்.இ.டி. டிவிகளில் பெரும்பாலும் ஐ.பி.எஸ்., வி.ஏ. என்ற இருவகைப் பேனல்கள் (படம் தெரியும் திரைப் பலகைகள்) வருகின்றன. வி.ஏ. பேனலில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். ஆனால் பக்கவாட்டில் நகர்ந்தால் நிறம் வெளுக்கும். ஐ.பி.எஸ். பேனலில் நிறம் பெரிதாக மாறாது. விளக்கணைத்துப் பார்த்தால் மட்டும் கறுப்பு சற்றுச் சாம்பலாகத் தோன்றும். உங்கள் வீட்டுக்கு ஐ.பி.எஸ். பொருத்தம். சிக்கல் என்னவென்றால், பெட்டியின் மேல் பேனல் வகையைப் பெரும்பாலும் அச்சிடுவதில்லை; ஒரே மாடலிலேயே வெவ்வேறு பேனல்கள் வருவதும் உண்டு. எனவே கடையில் நீங்களே சோதித்துவிடுங்கள். பளிச்சென்ற விளம்பரக் காட்சியை நிறுத்தச் சொல்லி, மனித முகங்கள் உள்ள சற்று இருண்ட காட்சியைப் போடச் சொல்லுங்கள். நேரே நின்று பாருங்கள். பிறகு மூன்று, நான்கு அடி பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். அதன்பின், தயங்காமல், தரையில் குந்தி அண்ணாந்து பாருங்கள். முகத்தின் நிறமும் தலைமுடியின் கறுப்பும் மூன்று இடங்களிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அந்த டிவி உங்கள் வீட்டுக்கு ஏற்றது.

கேள்வி: எச்.டி. செட்டாப் பாக்ஸ் இருந்தும் புதிய டிவியில் படம் தெளிவாக இல்லையே? (வேலூர் வாசகர்)

பதில்: டிவியின் பின்னால் பாருங்கள். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் முனைகள் கொண்ட பழைய ஒயரையே மாட்டியிருந்தால், அதன் வழியாக எச்.டி. படம் வராது. எச்.டி.எம்.ஐ. கேபிளுக்கு மாற்றுங்கள். அமைப்புகளில் படம் ‘விவிட்’ என்றிருந்தால் ‘ஸ்டாண்டர்ட்’ அல்லது ‘சினிமா’வுக்கு மாற்றுவதும் நல்லது.

கேள்வி: சுவரில் எவ்வளவு உயரத்தில் மாட்டலாம்? (தாம்பரம் வாசகர்)

பதில்: திரையின் நடுப்பகுதி, உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தில், அதாவது தரையிலிருந்து சுமார் மூன்றரை அடியில் இருப்பது கழுத்துக்கு நல்லது. இடமில்லாமல் பீரோவுக்கு மேலே மாட்டுவதானால், முன்பக்கம் சாயும் ஸ்டாண்டு வாங்குங்கள். எச்.டி.எம்.ஐ. துளைகள் பக்கவாட்டில் உள்ள மாடலா என்றும் பாருங்கள். நேர்பின்னால் இருந்தால் கேபிளின் தலை சுவரில் முட்டி மடங்கி, நாளடைவில் துளையே தளர்ந்துவிடும். இலேசான ஏ.ஏ.சி. கற்களால் கட்டிய சுவரானால் அதற்கென்று விற்கும் பிளக்குகளையே கேட்டு வாங்குங்கள். செங்கல் சுவருக்கான சாதாரணப் பிளக் அதில் பிடித்து நிற்காது.

கேள்வி: ஸ்மார்ட் டிவி வாங்குவதா, சாதாரண டிவி வாங்கி ஸ்டிக் மாட்டுவதா? (கோவை வாசகி)

பதில்: ஸ்டிக் என்பது டிவியின் எச்.டி.எம்.ஐ. துளையில் செருகி இணையப் படங்களைப் பார்க்க உதவும் சிறு கருவி. விலை குறைந்த ஸ்மார்ட் டிவிகளில் நினைவகம் குறைவு என்பதால், சில ஆண்டுகளில் செயலிகள் திணறத் தொடங்கும். அப்போது ஸ்டிக்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், டிவியை அப்படி மாற்ற முடியாது. எனவே பேனல் நன்றாக உள்ள டிவியைத் தேர்ந்தெடுங்கள். அது ஸ்மார்ட்டாகவும் இருந்தால் சரி. நெருக்கமான அடுக்குமாடியில், பக்கத்து வீட்டு வைஃபைகள் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மோதிக்கொள்வதால் படம் அடிக்கடி நின்றுபோகும். டிவியானாலும் ஸ்டிக்கானாலும் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி உண்டா என்று பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள்.