பிஸ்டன் ஜாம்: யார் மேல் வழக்குப் போடுவது?

கேள்வி: ரேஸ் டிராக்கில் ஓட்டும் ஆசையில் என் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் இன்ஜினைப் புதிதாகக் கட்டினேன். ஜிபி ரோட்டில் பிஸ்டன் கிட் வாங்கி, அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் போரிங் (பிஸ்டன் அளவுக்குச் சிலிண்டரைக் குடைவது) செய்தேன். மெக்கானிக் பூட்டிக் கொடுத்தார். முதல் நாளே ஜாம். பிஸ்டன் டூப்ளிகேட் என்கிறது பட்டறை. போரிங் டைட் என்கிறது கடை. கடையில் பில் உண்டு. பட்டறையில் வாட்ஸ்அப் பேச்சு மட்டும்தான். அதோடு, போரிங் பாக்கி 1,500 ரூபாயைத் தராமல், ராடு மாற்றக் கொடுத்த கிராங்கை (பிஸ்டன் சுழற்றும் தண்டு) தர மாட்டேன் என்கிறார் பட்டறைக்காரர். கிராங்கில் வேலையே ஆரம்பிக்கவில்லை. என்ன செய்யலாம்?
- பெரம்பூர் வாசகர்

பதில்: முதல் வேலை, அந்தப் பிஸ்டனையும் சிலிண்டரையும் யாரும் கழுவவோ உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ விடாதீர்கள். உங்கள் வழக்கே அந்தக் கீறல்களில்தான் இருக்கிறது. அலுமினிய பிஸ்டன் சூட்டில் சிலிண்டரின் இரும்பு லைனரைவிட அதிகம் விரியும். இரண்டுக்கும் நடுவே கிளியரன்ஸ் (இடைவெளி) போதாவிட்டால் பிஸ்டனின் பக்கவாட்டில் பெரும்பாலும் நான்கு இடங்களில் நெடுக்காகக் கீறல் விழும். ஆயில் குறைவு, கார்புரேட்டர் ஜெட் தப்பு என்றால் எக்ஸாஸ்ட் பக்கம் அதிகம் அடிவாங்கியிருக்கும். அப்படியானால் கேள்வி உங்கள் மெக்கானிக் பக்கம் திரும்பும். சம்பந்தமில்லாத ஒரு சார்ட்டர்டு இன்ஜினியரிடம் காட்டி, சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, பிஸ்டன் அளவோடு சேர்த்து அறிக்கை வாங்குங்கள். படங்களும் எடுத்து வையுங்கள்.

யார் மேல் என்று நீங்கள் இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் பட்டறை, கடை இரண்டையும் எதிர்தரப்பாகச் சேர்க்கலாம். ஒருவர் மேல் மட்டும் போட்டால், அவர், வழக்கில் இல்லாத மற்றவரைக் கைகாட்டிவிட்டுத் தப்பிப்பார். இதை அடிக்கடி பார்க்கிறேன். பிஸ்டன் போலியா என்பதைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பார்க்க அந்தச் சட்டத்தின் 38ஆம் பிரிவு நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. நீங்கள் குடியிருக்கும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே மனுப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. கெடு 2 ஆண்டுகள். முதலில் இரண்டு பேருக்கும் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள்.

பில் தராததே நியாயமற்ற வணிக நடைமுறையாகக் கொள்ளப்படும். அதையும் மனுவில் எழுதுங்கள். வாட்ஸ்அப் உரையாடல் உள்ள போனை மாற்றிவிடாதீர்கள். ஜிபே ரசீதையும் எடுத்து வையுங்கள். ஆனால் வண்டிகளைக் கட்டி விற்பது உங்கள் தொழில் என்றால், எதிர்தரப்பு 'இவர் நுகர்வோரே இல்லை' என்று நிற்கும். சொந்த ஆசைக்கான வண்டி என்பதை மனுவிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

கிராங்க் விஷயத்தில் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்கும் உரிமை ஒப்பந்தச் சட்டம் 170ஆம் பிரிவில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது எந்தப் பொருளில் வேலை செய்தாரோ அந்தப் பொருளுக்குத்தான். கையே வைக்காத கிராங்கை, சிலிண்டர் கூலிக்காகப் பிடித்து வைக்க முடியாது. நோட்டீஸில் இதை எழுதுங்கள். அவசரமாகத் தேவையென்றால், 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுத்தில் தெரிவித்து 1,500 ரூபாயைக் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அதையும் சேர்த்துக் கேட்கலாம்.

அடுத்த முறை பட்டறை தேடும்போது மெஷின் எவ்வளவு புதுசு என்பதைவிட, போரிங்குக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவைத் தாளில் எழுதித் தருவாரா என்று கேளுங்கள். நல்ல ஆள் பிஸ்டனைக் கையில் வாங்கி அளக்காமல் போரிங்கைத் தொடவே மாட்டார். எழுதித் தர மறுக்கிற இடத்தில், கூலி எவ்வளவு குறைவாக இருந்தாலும் சிலிண்டரைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. தயாரிப்பாளர் தந்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தடுக்கிறது. உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். அதனால் இன்ஜின் சரியானதும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல், லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போங்கள்.