வெப்பமண்டலத் தீவில் சொகுசு ரிசார்ட் தேடுகிறேன். உண்மையிலேயே சுற்றுச்சூழலுக்கு உகந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

மூங்கில் ஸ்ட்ரா, 'துண்டை மறுபடி பயன்படுத்துங்கள்' அட்டை இதையெல்லாம் கணக்கில் எடுக்காதீர்கள். அதில் அவர்களுக்கே சலவைச் செலவு மிச்சம்.

அங்கே கரன்ட்டை அள்ளி விழுங்குவது ஏசி. அதற்கு மின்சாரம் டீசல் ஜெனரேட்டரிலிருந்தா, சோலாரிலிருந்தா என்று முதலில் கேளுங்கள். பிரெஞ்சு பாலினேசியாவின் டெட்டியாரோவா தீவில் உள்ள தி பிராண்டோ என்ற ரிசார்ட், ஆழ்கடலின் குளிர்ந்த நீரைக் குழாயில் மேலே இழுத்து, அந்தக் குளிர்ச்சியை வைத்தே ஏசியை ஓட்டுகிறது. (வாடகையைப் பார்த்தால் தலை சுற்றும், அது வேறு விஷயம்.)

அப்புறம் கழிவுநீர். சரியாகச் சுத்திகரிக்காமல் கடலில் விட்டால் பாசி பெருகிப் பவளப்பாறையை மூடிவிடும். எங்கே விடுகிறார்கள் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

சான்றிதழ் காட்டினால், அதைத் தந்த அமைப்புக்கு ஜிஎஸ்டிசி (உலகளாவிய நிலையான சுற்றுலா மன்றம்) அங்கீகாரம் உண்டா என்றும் பார்த்துவிடுங்கள்.