தேசியத் தடகளப் போட்டியில் தங்கம் வாங்கினால் ஒலிம்பிக் போய்விடலாமா?

தங்கம் மட்டும் போதாது. உலகத் தடகள அமைப்பு வைத்திருக்கும் தகுதி அளவைத் தொட வேண்டும், இல்லையென்றால் உலகத் தரவரிசையில் அந்தப் பிரிவுக்கு ஒதுக்கிய இடங்களின் எண்ணிக்கைக்குள் வர வேண்டும். இரண்டுக்கும் கடைசித் தேதி உண்டு. பாரிஸுக்கு அது 2024 ஜூன் 30. பஞ்ச்குலாவில் மாநிலங்களுக்கு இடையிலான சாம்பியன்ஷிப் முடிந்ததும் அதே நாள்தான். டோக்கியோவுக்கும் இப்படியே, 2021 ஜூன் 29-ல் பாட்டியாலாவில் முடித்தார்கள். கடைசி வாய்ப்பு என்று சொல்வது அதனால்தான். பாரிஸுக்குப் பெண்கள் 400 மீட்டரில் தகுதி நேரம் 50.95 விநாடியாக இருந்தது. பஞ்ச்குலாவில் இறுதிக்கு முந்தைய ஓட்டத்திலேயே கிரண் பஹல் 50.92-ல் ஓடி பாரிஸுக்கு இடம் பிடித்துவிட்டார்.

2022 ஜூனில் இதே சாம்பியன்ஷிப் நம்ம பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் நடந்தபோது கேலரியில் இருந்தேன். 100 மீட்டர் ஓடி முடித்தவர்கள் முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கிக்கொண்டே பலகையைப் பார்ப்பார்கள். முதலில் நேரம், அப்புறம் காற்று. பின்னாலிருந்து வீசும் காற்று விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் அந்த நேரம் தகுதிக்குச் செல்லாது. அதே ஆண்டு ஏப்ரலில் கோழிக்கோட்டு ஃபெடரேஷன் கோப்பையில் நம்ம ஜெஸ்வின் ஆல்ட்ரின் நீளம் தாண்டுதலில் 8.37 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். காற்று அதிகம் என்பதால் தேசியச் சாதனை, 8.36 தாண்டி வெள்ளி வாங்கிய ஸ்ரீசங்கருக்குப் போனது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

தொடர் ஓட்டத்தின் கதை வேறு. அங்கே இடம் நாட்டுக்கு. யார் ஓடுவது என்பதை இங்கே முடிவு செய்கிறார்கள். ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆளுக்கு 400 மீட்டர் ஓடும் கலப்புத் தொடர் ஓட்டத்துக்கான டோக்கியோ இடத்தை இந்தியா 2019 தோஹா உலகப் போட்டியிலேயே வாங்கிவிட்டது. பெண்களைத் தேர்ந்தெடுக்க 2021 ஜூலை 4-ல் பாட்டியாலாவில் தனியாக ஓட வைத்தார்கள். மதுரை ரேவதி வீரமணி 53.55 விநாடியில் முதலாவது. அவருடன் சுபா வெங்கடேசன், தனலட்சுமி சேகர் என்று தேர்வான மூவரும் தமிழ்நாடு! வெறுங்காலில் ஓடத் தொடங்கிய பெண் ரேவதி. அதனால் 400 மீட்டர் ஓடும் பிள்ளைகளிடம் நான் சொல்வது ஒன்றுதான்: தங்கம் கைவிட்டுப் போனது தெரிந்தாலும் கடைசி 50 மீட்டரில் வேகத்தைக் குறைக்காதீர்கள். தொடர் ஓட்ட அணிக்கு நான்காவது, ஐந்தாவது ஆளின் நேரத்தையும் பார்ப்பார்கள்.