மாலத்தீவுக்குச் சிக்கனமாகப் போக: கேள்வி பதில்

கே: ரெண்டு பேர், நாலு ராத்திரி. ரூம் 50 டாலர்னு காட்டுது. 200 டாலரில் முடிஞ்சிடுமா?

ப: முடியாது. விலைக்குப் பக்கத்தில் ++ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 50-க்கு 10% சர்வீஸ் சார்ஜ் சேர்ந்து 55. அந்த 55-க்கு சுற்றுலா ஜிஎஸ்டி 17%, அதாவது 9.35 (2025 ஜூலைக்கு முன் 16% தான்). அப்புறம் பசுமை வரி: 50 அறைக்குக் குறைந்த கெஸ்ட்ஹவுஸ் என்றால் ஆளுக்கு, இரவுக்கு 6 டாலர், ரெண்டு பேருக்கு 12; ரிசார்ட்டில் ஆளுக்கே 12. ஆக ஓர் இரவுக்கு 76.35, நாலு இரவுக்கு 305.40. வரியெல்லாம் சேர்த்தே விலை காட்டும் தளங்களும், சில நேரம் பசுமை வரியை மட்டும் விட்டுவிடும். கெஸ்ட்ஹவுஸுக்கு மெயில் போட்டு மொத்தத் தொகையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: விசா பணத்தை எந்த வெப்சைட்டில் கட்டணும்?

ப: எதிலும் கட்டாதீர்கள். சுற்றுலா விசா இறங்கியதும் இலவசம். விமானத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் நிரப்பும் இமுகா என்ற பயணி அறிவிப்புப் படிவமும் இலவசம். காசு கேட்டால் அது அரசுத் தளம் இல்லை.

கே: மாஃபுஷித் தீவுக்கு அரசு ஃபெர்ரி சில டாலர்தான். அப்புறம் ஏன் எல்லாரும் ஏஜென்ட் மாதிரி ஸ்பீட்போட்டிலேயே போகச் சொல்றீங்க?

ப: கணக்கைப் பாருங்கள், பிறகு திட்டுங்கள். ஸ்பீட்போட் ஆளுக்குச் சுமார் 25 டாலர், ஏர்போர்ட் வாசலிலேயே ஏறலாம். ஃபெர்ரி தலைநகர் மாலேயிலிருந்து, மதியத்துக்கு மேல், ஒன்றரை மணி நேரப் பயணம். ஏர்போர்ட் ஹுல்ஹுலே என்ற தனித் தீவில் இருக்கிறது. பாலம் தாண்டி மாலேக்குப் போகவேண்டும். படகைத் தவறவிட்டால் அன்றிரவு மாலேயில் ரூம். மிச்சம் பிடித்த காசு அங்கேயே போய்விடும். வெள்ளிக்கிழமை ஃபெர்ரியே கிடையாது.

கே: அதே ஆள்தான். காலையில் இறங்கினா?

ப: அப்போது ஃபெர்ரிதான் சரி, ஒப்புக்கொள்கிறேன். வெள்ளியாக இல்லாத வரை.

கே: நடுவில் வர்றேன். கைக்குழந்தையோட ஒன்றரை மணி நேரம் கஷ்டம், ஸ்பீட்போட்தான்.

ப: கடல் கொந்தளித்தால் ஸ்பீட்போட்தான் அதிகம் தூக்கிப்போடும். குழந்தையோடு பின்பக்கம் உட்காருங்கள், முன்னால் வேண்டாம். திரும்பும்போது காற்று மோசமானால் ரெண்டுமே நிற்கலாம். அதிகாலை விமானம் என்றால் முந்தின இரவே, ஏர்போர்ட்டோடு சாலையில் இணைந்த ஹுல்ஹுமாலேக்கு வந்துவிடுங்கள்.

கே: ஜூலையில் விலை கம்மியா இருக்கே, போகலாமா?

ப: தென்மேற்குப் பருவம், மே முதல் அக்டோபர் வரை. அலையும் மழையும் உண்டு, அதனால்தான் கம்மி. ஆனால் மாந்தா திருக்கைகளைப் பார்க்க அதுதான் காலம். பா அட்டோலில் (பவளத் தீவுக்கூட்டம்) அவை கூடும் ஹனிஃபாரு விரிகுடா இருக்கிறது. பக்கத்துத் தீவான தரவந்தூவில் கெஸ்ட்ஹவுஸில் தங்கி, கைடோடு படகில் போகலாம். அங்கே ஸ்நார்கெலிங் (மூச்சுக்குழாயோடு நீந்துவது) மட்டும்தான், சிலிண்டர் டைவிங்குக்குத் தடை. டைவிங் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டிவிட்டு இதற்காக வராதீர்கள்.

கே: பிகினி, பீர்?

ப: மக்கள் வாழும் தீவுகளில் பிகினி அதற்கென ஒதுக்கிய கடற்கரையில் மட்டும். மது கிடையாது. மாஃபுஷிக்கு வெளியே கடலில் நிற்கும் படகு பாரில் கிடைக்கும். பெட்டியில் கொண்டுவந்தால் கஸ்டம்ஸ் வாங்கி வைத்துக்கொள்ளும். வழிபாட்டுச் சிலைகளுக்கும் தடை உண்டு. பூஜைப் பெட்டியை வீட்டிலேயே வையுங்கள்.

கே: வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்கறேன். ஃபெர்ரி எத்தனை மணிக்கு?

ப: மேலே படியுங்கள்.

கே: லட்சத்தீவு இதைவிட மலிவா?

ப: அதற்கு நுழைவு அனுமதி வேண்டும், நடைமுறையே வேறு. அங்கே போய்வந்தவர்களைக் கேளுங்கள்.