ஸ்டோரிபோர்டு என்றால் என்ன, படம் எடுக்கும் முன் அதை எதற்கு வரைகிறார்கள்?

கேமராவில் ஒவ்வொரு ஷாட்டும் எப்படித் தெரியும் என்பதைக் கட்டம் கட்டமாக வரிசையாக வரைந்து வைப்பதுதான் ஸ்டோரிபோர்டு. யார் எங்கே நிற்கிறார், கேமரா கிட்டேயா தூரத்திலா, எந்தப் பக்கம் நகர்கிறது, எல்லாம் அதில் இருக்கும். 1930களின் தொடக்கத்தில் டிஸ்னி ஸ்டுடியோவில்தான் இது ஒரு முறையாக வளர்ந்தது. தனித்தனித் தாள்களில் வரைந்து பலகையில் குத்தி வைப்பார்கள், கதை எங்கே இழுக்கிறதோ அந்தத் தாளைக் கழற்றி வேறு இடத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

எதற்கு இந்த வேலை? "அவன் பதறிப்போய் ஓடினான்" என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி இருந்தால், இயக்குநர் மனதில் ஒரு காட்சி ஓடும், கேமராமேன் மனதில் இன்னொன்று ஓடும், கலை இயக்குநர் மூன்றாவதாக ஒன்றை நினைத்துக்கொண்டு செட் போட்டிருப்பார். வரைந்துவிட்டால் எல்லோரும் ஒரே படத்தைப் பார்க்கிறார்கள். இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில் தனித்தனி ஷாட்டுகளில் இருவரும் ஒரே பக்கம் பார்ப்பது போன்ற தப்பும் தாளிலேயே பிடிபட்டுவிடும், அங்கே அழித்து வரைய ஒரு ரப்பர் போதும். அதே தப்பு படப்பிடிப்பு முடிந்து எடிட்டிங்கில் தெரிந்தால் மொத்த யூனிட்டையும் திரும்பக் கூட்ட வேண்டும்.

வீடு கட்டும்போது அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் மேஸ்திரி கயிறு கட்டி சுண்ணாம்புப் பொடியில் கோடு போடுவாரே, அதே வேலைதான் இது.

அப்புறம், நன்றாக வரையத் தெரிந்தவர்களுக்குத்தான் இது என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள், குச்சி மனிதனும் நாலு அம்புக்குறியும் போட்டாலே ஷாட் புரிந்துவிடும்.