பையில் அடங்கும் தூண்டில்: கேட்டதும் சொன்னதும்

பயணத்துக்கு எடுத்துப்போக எந்த ராடு (தூண்டில் கோல்), எந்த ரீல் (தூண்டில் நூல் சுற்றும் கருவி) என்று தர்மபுரி, கிருஷ்ணகிரி நண்பர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள் இவை. ஏரி, அணை, ஆறு மட்டும்தான். கடல் தூண்டில் பற்றிக் கேட்டவர்கள் கடற்கரை ஊர்க்காரர்களிடம் கேளுங்கள்.

காவேரிப்பட்டணம்: அண்ணா, பெங்களூரில் வேலை. வாரக்கடைசியில் பஸ்ஸில் ஊருக்கு வருவேன். கே.ஆர்.பி. அணைப் பக்கம், பாரூர் ஏரி, இரண்டுக்கும் சேர்த்துத் தோள்பையில் அடங்கும் ஒரே செட் சொல்லுங்கள்.

தம்பி, நான்கு துண்டாகக் கழலும் ஏழடி ராடு வாங்குங்கள். 7 அடி என்பது 84 அங்குலம். நான்காகப் பிரித்தால் துண்டுக்கு 21 அங்குலம், செருகும் இடத்தையும் சேர்த்தால் 22, 23 வரும். தோள்பையில் நேராக நிற்கும். கைப்பிடிக்கு மேலே எவ்வளவு எடை வீசலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். 5 முதல் 20 கிராம் வரை போட்டிருந்தால் ஜிலேபி, கெண்டை, நடுத்தர ரோகு எல்லாவற்றுக்கும் தாங்கும்.

ரீல் 2500 அளவு போதும், ரீலின் மேலேயே அந்த எண் இருக்கும். 8 அல்லது 10 பவுண்டு இழுவை தாங்கும் நைலான் நரம்பு (தூண்டில் நூல்) சுற்றுங்கள். நரம்பு சுற்றும் உருளையான ஸ்பூலின் விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்திவிடுங்கள். வழிய வழியச் சுற்றினால் வீசும்போது கொத்தாகக் கழன்று சிக்கிக்கொள்ளும்.

கடையில் பெட்டியின் மேல் எத்தனை பேரிங் என்று பார்த்து மயங்காதீர்கள். டிராக்கைப் பாருங்கள், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் திருகு அமைப்பை. திருகைப் பாதி இறுக்கிவிட்டு நரம்பை மெதுவாகக் கையால் இழுங்கள். சீராக வந்தால் நல்ல ரீல். முதலில் பிடித்து நின்று, பிறகு வெடுக்கென்று விட்டுக்கொடுத்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெரிய மீன் முதல் ஓட்டம் ஓடும்போது அந்த ஒரு வெடுக்கில்தான் நரம்பு அறும். பத்து பவுண்டு நரம்புக்கு டிராக் ஒன்றரை கிலோவுக்கு மேல் போகக் கூடாது. வீட்டில் தராசுக் கொக்கியில் நரம்பைக் கட்டி இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வீடு திரும்பியதும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள், உள்ளே இருக்கும் வாஷர் நசுங்காமல் இருக்கும்.

இன்னொன்று. கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். கரையில் ராடை நீட்டும் முன் தலைக்கு மேல் கம்பி போகிறதா என்று பாருங்கள். இடி இடித்தால் ராடைக் கீழே வைத்துவிட்டு விலகிவிடுங்கள்.

ஓசூர்: அறுநூறு ரூபாய்க்கு ராடு, ரீல், நரம்பு, முள், பை எல்லாம் சேர்ந்த செட் வருகிறதே, வாங்கலாமா?

வேண்டாம். அந்தப் பணத்துக்கு மூங்கில் கழி, நரம்பு, தக்கை, முள் வாங்கினால் அதைவிட நன்றாகப் பிடிக்கலாம்.

அரூர்: சார், டெலஸ்கோபிக் ராடு ஒன்று பார்த்தேன். மடக்கினால் ஒன்றரை அடி, நீட்டினால் பன்னிரண்டு அடி. வாணியாறு அணைக்கு எடுத்துப்போகலாமா?

மடக்கின நீளத்தைப் பார்த்து மட்டும் ராடு வாங்காதீர்கள். ஒன்றரை அடிக்குள் பன்னிரண்டு அடி அடங்க வேண்டுமென்றால் ஒன்றுக்குள் ஒன்றாகப் பல குழாய்கள் வேண்டும், ஒவ்வொன்றின் சுவரும் மெலிந்துதான் இருக்கும். நரம்பு ஓடும் வளையங்களையும் குழாய் முடியும் இடத்தில் மட்டுமே வைக்க முடியும். அதனால் மீன் இழுக்கும்போது பாரம் ராடு முழுக்கப் பரவாமல் மூட்டுகளில் போய் உட்காரும். ஏழெட்டு அடிக்குள் இருக்கும் டெலஸ்கோபிக் என்றால் யோசிக்கலாம். பன்னிரண்டு அடி ராடைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது மின்கம்பிக்கு எவ்வளவு கிட்டத்தில் போகிறோம் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

பாலக்கோடு: இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பஞ்சப்பள்ளி அணையில் டெலஸ்கோபிக்கில்தான் பிடிக்கிறேன். மழை வந்தால் ஒரு நிமிஷத்தில் மடக்கி வண்டியில் வைத்துக் கிளம்பிவிடுவேன். நீங்கள் நாலு துண்டையும் பூட்டி நரம்பு கோக்கும் முன் மீன் போய்விடும்.

பென்னாகரம்: அவர் சொல்வது சரிதான். ஆனால் என்னுடையதில் மண் புகுந்து மூட்டு சிக்கி, கடைசியில் கட்டிங் பிளேயர் போட்டுத் திருகினேன். உடைந்துவிட்டது.

பாலக்கோட்டு நண்பர் வேகத்தைப் பற்றிச் சொன்னது உண்மை. நரம்பு கோத்தபடியே மடக்கி வைக்கலாம் என்பது டெலஸ்கோபிக்கின் பெரிய வசதி. அரைமணி நேரம் கிடைத்தால் போதும் என்று போகிறவர்களுக்கு அது பொருந்தும். வேண்டாம் என்று நான் சொல்வது மெலிந்த, மலிவான, மிக நீளமான ராடுகளைத்தான். எடுத்தேன் வீசினேன் என்று சாட்டை மாதிரி உதறி நீட்டுகிறார்கள் பாருங்கள், பாதி ராடுகள் அதில்தான் போகின்றன. நுனித் துண்டில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக இழுத்து, வளையங்கள் ஒரே கோட்டில் வரும்படி லேசாகத் திருகி நிறுத்துங்கள். வீடு வந்ததும் அடிமூடியைக் கழற்றி, உள்ளே நல்ல தண்ணீர் ஊற்றி அலசி, நிழலில் காயவையுங்கள். நம் செம்மண் கரையில் ராடைத் தரையில் போட்டாலே மூட்டுக்குள் பொடி ஏறிவிடும்.

பென்னாகரத்துக்காரரே, பிளேயர் குழாயை நசுக்கத்தான் செய்யும். தண்ணீர் ஊற்றி மண்ணைப் போக்கி, ரப்பர் கையுறை போட்டு இரு பக்கமும் எதிரெதிராகத் திருகினால் பெரும்பாலும் கழன்றுவிடும்.

துண்டு ராடுக்காரர்களும் கேளுங்கள். செருகும் முனையில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேயுங்கள். அரைமணிக்கு ஒருமுறை மூட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். தளர்ந்ததைக் கவனிக்காமல் வீசினால் நுனித் துண்டும் ஈயத்தோடு சேர்ந்து தண்ணீருக்குப் போய்விடும்.

பாலக்கோடு: அப்படியென்றால் நல்ல டெலஸ்கோபிக் சரி என்கிறீர்கள்.

ஆமாம். வாங்கும் முன் முழுக்க நீட்டி, நுனியைத் தரையில் ஊன்றாமல் காற்றில் லேசாக ஆட்டுங்கள். மூட்டில் டிக் டிக் என்று சத்தம் வந்தால் வேண்டாம்.

ஊத்தங்கரை: எந்தக் கம்பெனி நல்லது?

கம்பெனி பெயரைவிட மேலே சொன்ன டிராக் சோதனை, மூட்டுச் சோதனை இரண்டையும் கையால் செய்து பார்ப்பதுதான் உதவும்.

காரிமங்கலம்: குறைந்த விலையில் செட்டாக வருவது எப்படி?

ஓசூர்க்காரருக்குச் சொன்னதுதான்.

கிருஷ்ணகிரி: நூறு சதவீதம் கார்பன் என்று எழுதியிருக்கிறது. கம்பெனி எதுவென்று சொன்னால்...

மேலே படியுங்கள். கார்பன் இலேசானது, கல்லில் இடித்தால் உடையும். கண்ணாடி நார் கனமானது, பஸ்ஸில் அடிபட்டாலும் தாங்கும். பஸ் பயணமென்றால் இரண்டும் கலந்த ராடே போதும்.

தர்மபுரி: ஒகேனக்கல்லில் மகசீர் பிடிக்க எந்த ராடு எடுத்துப்போகலாம்?

இதற்கு ராடு சொல்ல மாட்டேன். காவிரியின் திமில் மகசீர் அழியும் விளிம்பில் இருக்கிற மீன். அந்தப் பக்கத்துக் காடு காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயம், அதற்குள் அனுமதியில்லாமல் தூண்டில் போடக் கூடாது. ஆற்றில் முதலையும் உண்டு. ஒகேனக்கல்லுக்குப் போனால் அருவியைப் பாருங்கள், மீன் வறுவல் சாப்பிடுங்கள். அணைகளிலும் மீன்பிடி உரிமை குத்தகையில் இருக்கலாம். மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள்.

மத்தூர்: பத்து வயதுப் பையனுக்கு லீவுக்கு வாங்கித் தர வேண்டும்.

ஐந்தரை அடி, கண்ணாடி நார், 1000 அளவு ரீல், ஆறு பவுண்டு நரம்பு. முள்ளின் நுனிக்குக் கீழே பின்பக்கம் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன எதிர்முள்ளை முதல் நாளே குறடால் நசுக்கிவிடுங்கள், கையில் குத்தினாலும் எளிதில் கழற்றலாம். மண்புழுவும் தக்கையும் போதும், ஜிலேபி கடிக்கும். ஏரிக்கரையில் மின்கம்பி போகும் இடத்தை முதலில் அவனுக்குக் காட்டிவிட்டு, அதற்கு எட்டாத இடத்தில் உட்காரவையுங்கள்.